ஸ்டெல்மான் ஆக்கள்

எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் மூன்று பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்ஷனில் இந்தப் பழைய மாடிக்கட்டடத்துக்குக் குடிவந்த முதல் கிழமையே தபால்காரர் மணியை அடித்து, இங்கே எத்தனை குடும்பம் இருக்கிறது என்று கேட்டார். ஒன்று என்றேன். அவர் பெட்டியைக் காட்டினார். பிலிப்பையா, சூசைமுத்து, செபமாலை. பிலிப்பையா என் மாமனார். யாழ்ப்பாணத்தில் இளவாலையை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதர், இறந்து கனகாலம். இந்த நாட்டில் என் கணவரின் குடும்பப்பெயர் அவர்தான். சூசைமுத்து என் தகப்பன். கியூபெக்கில் ஒரு பெண் கலியாணம் முடித்தாலும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்வதால், பாஸ்போட்டில் இருந்த கணவரின் பெயர் கழன்று அப்பா திரும்பி வந்துவிட்டார். செபமாலை என்பது என் கணவரின் சொந்தப் பெயர். அது எங்கள் மகள் ஜெனிற்றாவின் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. இதையெல்லாம் தபால்காரருக்கு விளங்கப்படுத்த என்னிடம் அப்போது பிரெஞ்சு இல்லை. மூன்று குடும்பம் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் ஒரு விசித்திரமும் தெரியாது. நாங்கள் ஒரு பெயரை ஒரு தலைமுறைக்கு மேல் வைத்திருப்பதில்லை. தகப்பனின் பெயர் பிள்ளைக்குப் பின்னால் வரும், பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததும் விழுந்துவிடும். ஆகவே பெயரைக் கொண்டு எவரையும் எவருடனும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. அதற்கு எங்களிடம் வேறு வழிகள் உண்டு. ஆனால் வெள்ளைக்காரர் அப்படியல்ல என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அவர்கள் ஒரே பெயரை நூற்றாண்டுக்கணக்கில் காவிக்கொண்டு வருகிறவர்கள், ஒரு பெயர் என்றால் ஒரு குடும்பம், எங்கே சிதறிப் போனாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே வீட்டு வாசலுக்குத்தான் போய்ச் சேரும் என்று நினைத்திருந்தேன். குடும்பப்பெயர் இல்லாத ஒருவருக்குத்தான் அப்படி நினைக்க வரும் என்று இப்போது தெரிகிறது.

ஜெனிற்றா பதினான்கு வயதில் எங்களோடு இங்கே வந்தவள். படித்து முடித்து, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு சனிக்கிழமை காலை, நான் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது குசினிக்குள் வந்து, தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். அதே அலுவலகம், கியூபெக் ஆள், பெயர் எத்தியென். என் கணவர் தமிழ்ப் பத்திரிகையில் இருந்து தலையை எடுக்காமலே முழுப்பெயரைக் கேட்டார். எத்தியென் ஸ்டெல்மான் என்றாள். (அவர்களுக்கு மேலும் சங்கடம் வரக்கூடாது என்பதற்காகப் பெயரைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

“கியூபெக் ஆள் எண்டாய். பேர் ஜேர்மன் பேராய்க் கிடக்கு.”

“ஓம் அப்பா. ஆனா அவைக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னால் அப்படி இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் வந்தால் முதல் கேள்வி ‘ஆர் ஆக்கள்?’ என்பது. எந்த ஊர், எந்தக் கோவில், யாருடைய பேரப்பிள்ளை, குடும்பத்தில் குறை ஏதும் உண்டா என்று விசாரிப்பார்கள். நாங்கள் கத்தோலிக்கர், மூன்று ஞாயிறு பூசையில் திருமண அறிவித்தலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சுவாமியார் கேட்பார். ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே எங்கள் விசாரணை முடிந்திருக்கும். எனக்குச் செபமாலையைப் பேசியபோது என் சின்னையா சைக்கிளில் இளவாலைக்குப் போய், தலைமயிர் வெட்டுகிற சாட்டில் ஒரு சலூனில் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். வெட்டின தலையோடு வந்து அவர் சொன்ன செய்தி, மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் அங்கொடையில், அதாவது பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், இருந்தவர் என்பது. அந்த மாமன் கலியாண வழியில் வந்த உறவுதான், இரத்தத்தில் இல்லை என்று தெளிவாகிறவரை எங்கள் கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடமும் செபமாலை கோவிலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்கள். இன்றைக்கும் அவர் சாவியையோ கண்ணாடியையோ தொலைத்துவிட்டுத் தேடும்போது, நான் வாயைத் திறக்கமுன் “விசர்க் குடும்பமெல்லோ, அப்பிடித்தான்” என்று தானே சொல்லிவிடுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மொன்றியலில் நான் யாரை அனுப்புவேன்? எந்தச் சலூனில் கேட்பேன்? எத்தியெனின் தாய் அவன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். தகப்பன் மார்செல் துறைமுகத்தில் இருந்து கொள்கலன் ஏற்றும் லொறி வைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்கள் பங்குக் கோவில் எது என்று ஜெனிற்றாவைக் கேட்டேன். அது கோவிலாக இருந்து இப்போது மாடிவீடாகிவிட்டது என்றாள். அவள் வேலைக்குப் போன ஒரு நாள் அவளுடைய கொம்பியூட்டரைத் திறந்து ஸ்டெல்மான் என்று எழுதித் தேடினேன். இணையத்தில் உள்ள ஒரு கலைக்களஞ்சியத்தில் அந்தப் பெயருக்கு ஒரு பக்கமே இருந்தது. ஜேர்மன் குடும்பப்பெயர் என்று ஒரு வரி, அதற்குக் கீழே அந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள். முதலில் இருந்தவர் தேவாலயங்களுக்கு ஓர்கன் வாத்தியம் செய்தவர். பிறகு ஒரு தாவரவியலாளர், ஏதோ ஒரு பாசிக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு பாடகி. பனிச்சறுக்கில் பதக்கம் வாங்கின ஒரு பெண். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றைக்கே ரொறன்ரோவில் இருக்கும் றீற்றா மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் என் கணவரின் தங்கை. எடுத்ததும் ‘ஆர் ஆக்கள்’ என்றுதான் கேட்டார். கோவிலுக்கு ஓர்கன் செய்த பரம்பரை என்றேன். படித்த ஆட்களும் இருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போது எனக்கே அது உண்மையாகிவிட்டது. மச்சாள் “எங்கட ஆக்களுக்குள்ளயே இப்பிடி விசாரிச்சு எடுக்கேலாது” என்றார்.

அந்த மகிழ்ச்சி சில நாள்தான். மச்சாள் மறுபடி எடுத்து, அந்தத் தாவரவியலாளர் எந்த நாடு என்று கேட்க, நான் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை கீழே வரை போனேன். உதைபந்தாட்டக்காரர் ஒருவருக்கும் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கும் நடுவில் ஒரு வைத்தியர் இருந்தார். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இரண்டாம் உலக யுத்தத்து வதைமுகாம் வைத்தியர், தூக்கிலிடப்பட்டவர். ஒரே ஒரு வரி. அதை அழுத்தினேன். படம் வந்தது. விளிம்பில்லாத மூக்குக்கண்ணாடி, நேராக வாரின தலை, பங்குச் சுவாமியாரைப் போல ஒரு அமைதியான முகம். அந்த மனிதன் முகாமுக்கு வந்து இறங்குகிறவர்களில் யார் வேலைக்கு, யார் சாவுக்கு என்று கையைக் காட்டிப் பிரித்துவிட்டவன் என்று எழுதியிருந்தது. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதுகளைப் பார்த்தேன். ஜெனிற்றா காட்டிய படத்தில் எத்தியெனுக்கு இருந்த அதே ஒட்டின காது என்று எனக்குப் பட்டது. பெண்பார்க்கப் போகிறவர்கள் மூக்கையும் நடையையும் பார்த்துத் தாய்வழி தகப்பன்வழி சொல்வதில்லையா, அந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

இது ஏன் என்னை இவ்வளவு உலுக்கியது என்று சொல்லவேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுவதற்கு முந்தின வருடம், ஒரு சுற்றிவளைப்பில் என் தம்பி அன்ரனை இராணுவம் கொண்டுபோனது. நானும் அம்மாவும் மாதக்கணக்கில் முகாம் வாசலில் போய் நின்றோம். அங்கே ஒரு அதிகாரி இருந்தார். மரியாதையாகப் பேசுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அப்படி ஒருவரைத் தாங்கள் கொண்டுவரவில்லை என்பார், வெயிலில் நிற்கவேண்டாம் அம்மா என்பார். அவருடைய நகங்கள் அவ்வளவு துப்புரவாக இருக்கும். தம்பி திரும்பி வரவேயில்லை. அந்த அதிகாரிக்கும் பிள்ளைகள் இருக்கும், பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் இருக்கும், அந்தப் பெயரோடு அவர்கள் எங்கேயாவது நல்ல வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் இங்கே பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன். இப்போது என் மகள் மதாம் ஸ்டெல்மான் ஆகப்போகிறாள், என் பேரப்பிள்ளை அந்தப் பெயரைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் கை உயர்த்தப்போகிறது. நான் படுத்தால் நித்திரை வரவில்லை.

கணவரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே வாசித்துவிட்டு, இது யாரோ எவரோ என்றார். ஒரே பெயர் அல்லவா என்றேன். “இஞ்சேரப்பா, உன்ர சின்னையா சலூனிலயிருந்து கொண்டுவந்த கதையால நான் ஒரு வரியம் தெருவில இறங்கேலாமல் கிடந்தனான். விட்டிடு” என்றார். விடுகிறேன் என்று சொன்னேன். விட்டிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மார்செல் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். லொங்குய்யில் சின்ன பங்களா வீடு. முற்றத்தில் லொறியின் முன்பகுதி நின்றது. அதன் கதவில் சிவப்பு எழுத்தில், கொஞ்சம் வளைவாக, எம். ஸ்டெல்மான் என்று அழகாக எழுதியிருந்தது. என் கண் அதில்தான் போய் நின்றது. மனிதர் பெரிய உருவம், சிவந்த கழுத்து. எங்களுக்காகக் காரம் போட்டதாகச் சொல்லிக் கோழி சமைத்திருந்தார். அதில் மிளகுகூட இருந்ததாகத் தெரியவில்லை. கணவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். இங்கே என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் நான் விஞ்ஞான ஆசிரியை. இங்கே கார்டெரியில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், உதவியாளர். என் பிரெஞ்சு மூன்று வயதுக் குழந்தைகளிடம் படித்தது. சாப்பிடு, இரு, மூக்கைத் துடை, அடிக்காதே, இது நல்லது, அது கெட்டது. அந்தப் பிரெஞ்சோடுதான் நான் அந்த மேசையில் விசாரணைக்கு இருந்தேன்.

உங்கள் தாத்தாவின் தாத்தா எங்கே என்று கேட்டேன். மார்செலுக்குச் சந்தோஷம். இருநூறு வருடத்துக்கு மேலாகிறது, ஜேர்மனியில் ஒரு பிரபு தன் ஊர்ப் பெடியன்களை இங்கிலாந்து ராசாவுக்கு வாடகைக்கு விட்டான், அமெரிக்கரோடு சண்டை பிடிக்க. அப்படிக் கப்பலில் வந்தவன் ஒருவன் சண்டை முடிந்து திரும்பிப் போகாமல் இங்கே ஒரு கமக்காரனின் மகளை முடித்து நின்றுவிட்டான். அதற்குப் பிறகு எல்லோரும் குதிரை ஓட்டினார்கள், பிறகு லொறி ஓட்டினார்கள் என்றார். எத்தியென் மெதுவாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல ஜெனிற்றா எங்களுக்குத் தமிழில் சொன்னாள். ஓர்கன் செய்தவரைப் பற்றிக் கேட்டேன். மார்செல் சிரித்து, எங்கள் வீட்டில் கரண்டி இரண்டைச் சேர்த்துத் தாளம் தட்டுகிற மாமன் ஒருவர்தான் இருந்தார், வேறு இசையில்லை என்றார். பனிச்சறுக்குக்காரியையும் பாசிக்காரரையும் அவருக்குத் தெரியவில்லை. நான் அவருடைய குடும்பத்தைப் புகழ்கிறேன் என்று நினைத்து என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கணவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த சொற்களால் கேட்டேன்: உங்கள் குடும்பத்தில் ஒரு கெட்ட டாக்குத்தர் இருந்தாரா?

மார்செலின் முகம் மாறிவிட்டது. ஓம் என்றார். ஒரு கெட்ட டாக்குத்தர் இருந்தார் என்று சொல்லி, தன் மனைவியின் கடைசி மாதங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நோவு என்று போனவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பித் திருப்பி வீட்டுக்கு அனுப்பினவரைப் பற்றி. எத்தியெனுக்கு அப்போது ஏழு வயது என்றார். ஜெனிற்றா எங்களுக்கு மொழிபெயர்த்தாள். அவளுக்கே அது புதுக்கதை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு மனிதர் தன் துக்கத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தார். ஆனால் என் மனம் முழுக்க அந்தக் கண்ணாடி முகம். இல்லை, அவர் இல்லை, என்றேன். யுத்தத்து டாக்குத்தர். முகாம். சனங்கள், நிறையச் சனங்கள். பிறகு சொல் கிடைக்காமல் கையைக் கழுத்தில் வைத்து மேலே இழுத்துக் காட்டினேன். ஸ்டெல்மான், என்றேன்.

எத்தியென் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். மார்செல் மகனைப் பார்த்தார். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் கோபப்படவில்லை. தெரியாது என்று சொன்னார், தனக்கு அப்படி யாரையும் தெரியாது. எழும்பிப்போய், நாங்கள் சாப்பிட்டு முடிக்கமுன்பே கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார்.

மெற்றோ நிலையம்வரை ஜெனிற்றா எங்களோடு நடந்து வந்தாள். படியில் இறங்குகிற இடத்தில்தான் நின்றாள்.

“அம்மா, போன வரியம் நியூசில தமிழரைப் பயங்கரவாதியள் எண்டு போட்ட நேரம், உன்ர மகன் முடிக்கப்போறது அவையிலை ஒராளையோ எண்டு துறைமுகத்தில அவற்ற அப்பாவைக் கேட்டவங்களாம். அவர் வந்து எங்களிட்ட ஒரு கேள்வி கேட்டவரோ?”

நீங்கள் போங்கோ, நான் பேந்து வாறன் என்றாள். திரும்பி நடந்தாள். அவள் அன்று வரவில்லை. பிறகு வந்ததும் உடுப்பு எடுக்கத்தான்.

லொங்குய்யில் இருந்து வரும் மெற்றோவின் மஞ்சள் பாதை ஆற்றுக்கு அடியால் வருகிறது. மேலே அவ்வளவு பெரிய சென் லோரன்ஸ் ஓடுகிறது என்று நினைத்தால் எனக்கு எப்போதும் மூச்சு முட்டும். அன்றைக்கு அதுவும் தோன்றவில்லை. பெட்டி பாதி வெறுமையாக இருந்தது. கணவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“அன்ரனையும் பேருக்காகத்தானே கொண்டுபோனவங்கள்.”

அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் மூன்று அன்ரன் இருந்தார்கள். எங்கள் கரையோரப் பக்கங்களில் அன்ரன் என்று அந்தோனியார் பெயர் வைக்காத வீடு குறைவு. இராணுவம் யாரோ ஒரு அன்ரனைத் தேடி வந்தது. எந்த அன்ரன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. மூன்று பேரையும் ஏற்றினார்கள். மற்ற இரண்டு பேரும் ஒரு கிழமையில் நடந்து வந்து சேர்ந்தார்கள். என் தம்பி கடற்றொழில் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். வாசலில் நின்ற மாதங்களில் அம்மா அந்த அதிகாரிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஐயா, பேர்தான் ஒண்டு, ஆள் வேற. அந்த வசனத்தைச் சிங்களத்தில் சொல்ல நான்தான் அம்மாவுக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன். பெட்டி ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. இறங்கவேண்டிய இடம் வந்தபோது கணவர் என் கையைப் பிடித்து எழுப்பவேண்டியிருந்தது.

இருந்தும், விசாரித்தது முழுப் பிழை என்று இன்றுகூட எனக்குச் சொல்ல வருவதில்லை. பிள்ளையை ஒரு வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஊரில் கேட்கும் கேள்விக்குச் சலூன்காரர், மணியடிக்கிறவர், சந்தையில் மீன் விற்கிறவள் என்று ஒரு ஊரே பதில் சொல்லும், பிழையாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார். என் கேள்விக்கு ஒரு கண்ணாடித்திரை பதில் சொன்னது. அது திருத்தாது. அதில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரு பெயரின் கீழ் வரிசையாக நிற்பவர்கள் மட்டும்தான் என்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் அவர்களை ஒரு முற்றத்தில் நிற்கிற சகோதரர்களாகப் பார்த்தேன்.

கலியாணம் கோவிலில் நடக்கவில்லை. பூசையில் எவரும் அறிவித்தல் வாசிக்கவில்லை. நகரசபையில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. எங்களைக் கூப்பிட்டாள், போனோம். மார்செல் என் கணவரின் கையைக் குலுக்கினார், எனக்குத் தலையை அசைத்தார். கையெழுத்து வைக்கும்போது ஜெனிற்றா தன் பழைய பெயரையே எழுதினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அப்பாவை எனக்குத் திருப்பித் தந்த அதே சட்டம் அவளையும் செபமாலையாகவே வைத்திருக்கும். அவள் மதாம் ஸ்டெல்மான் ஆகப்போவதேயில்லை. நான் பத்து வருடம் அந்தச் சட்டத்துக்குள் இருந்துகொண்டு, என் மகளுக்கு அது பொருந்தும் என்று ஒரு முறையும் நினைக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கிற தாயாக நான் ஊரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். மேலங்கியைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். ஊரில் பாதை பூட்டி, சண்டை பெருத்து, ரெலிபோன் மணி அடித்தாலே நடுங்குகிற காலம் அது. செய்திகளைப் பற்றிக் கதைப்போம். வேறொன்றும் கதைப்பதில்லை. பிள்ளை வயிற்றில் இருப்பதைக்கூட அவள் தகப்பனிடம்தான் முதலில் சொன்னாள். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். முன்பெயர் இன்னும் முடிவில்லை என்றாள். குடும்பப்பெயர் செபமாலை. இங்கே தாயின் பெயரையோ தகப்பனின் பெயரையோ இரண்டையும் சேர்த்தோ வைக்கலாம். என் கார்டெரியில் குழந்தைகளின் மேலங்கி மாட்டுகிற கொழுவிகளில் இரட்டைப் பெயர்தான் அதிகம்.

“எத்தியென்ர பேர் இல்லையோ பிள்ளை?”

“மார்செல்தான் வேண்டாமெண்டு கேட்டவர்,” என்றாள். “அவர் இப்ப லொறிக் கதவிலயும் பேரை அழிச்சுப்போட்டார்.”

அவள் போன பிறகு நான் கதவடியிலேயே நின்றேன். நான் பயந்தது நடக்கப்போவதில்லை. என் பேரப்பிள்ளைக்கு அந்தப் பெயர் வராது. ஆனால் எத்தியென் மார்செலுக்கு ஒரே பிள்ளை. வாடகைக்கு விடப்பட்டு வந்த ஒரு பெடியன் பனிக்குள் தக்கவைத்து, குதிரையிலும் லொறியிலும் ஏற்றிக்கொண்டு வந்த பெயர், நான் கழுத்தில் கையை வைத்துக் காட்டியதில் வந்து நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை தனியாக லொங்குய்க்குப் போனேன். மார்செல் முற்றத்தில் இருந்தார். லொறிக் கதவில் எழுத்து இருந்த இடம் மட்டும் புதுப் பூச்சில், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளிறி, நீட்டுப் பெட்டியாகத் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டுக் கோப்பி போட்டுத் தந்தார். இந்த முறை மொழிபெயர்க்க யாரும் இல்லை. பெயரைக் கொடுங்கள் என்றேன். குழந்தைக்குப் பெயரைக் கொடுங்கள், தயவுசெய்து. கார்டெரியில் விளையாட்டுச் சாமானை மற்றப் பிள்ளைக்குக் கொடு என்று சொல்கிற அதே சொற்கள். அவர் என்னைக் கஷ்டப்படுத்தாமல், எனக்கு விளங்கக்கூடியதாகச் சின்னச் சின்ன வசனமாகப் பேசினார். அன்றைக்குப் பிறகு எத்தியெனைக் கேட்டுத் தானும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார். உறவோ இல்லையோ என்று கண்டுபிடிக்க வழியில்லையாம். அறுபது வருடமாக அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் தனக்குத் தன் தகப்பன் நினைவு வந்ததாம். இப்போது துறைமுகத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடும்போது அந்த ஆளின் மூக்குக்கண்ணாடி நினைவு வருகிறதாம்.

நான் தம்பியைப் பற்றிச் சொல்ல முயன்றேன். என் தம்பி. ஒரே பெயர், மூன்று பேர். இராணுவம். தம்பி இல்லை. பெயர் கெட்டதில்லை, என்றேன். பெயர் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எழும்பி வந்து என் தோளில் ஒருமுறை கையை வைத்தார். குழந்தை பாரமில்லாமல் வரட்டும் என்றார். பிறகு, பேச்சை மாற்றுகிறவர்போல, செபமாலை என்றால் என்ன என்று கேட்டார். பிரெஞ்சில் அதற்குச் சொல் தெரியாமல் பையில் இருந்த செபமாலையை எடுத்துக் காட்டினேன். அவர் வியந்து சிரித்தார். தான் சிறுவனாக இருந்தபோது பின்னேரத்தில் வானொலியில் செபமாலை சொல்வார்கள், குசினி நிலத்தில் முழங்காலில் நின்று எல்லோரும் கூடச் சொல்லவேண்டும், தனக்கு அது பிடிக்கவே பிடிக்காது என்றார். நல்ல பெயர் என்றார். வாசல்வரை வந்து, படியில் வழுக்கும் பார்த்து இறங்குங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். முடிவை மாற்றவில்லை.

பெண்குழந்தை. இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு லொங்குய்யில் உள்ள சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தது. ஜெனிற்றா என்னையும் வரச்சொன்னாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் என்னை எங்காவது வரச்சொன்னது அதுதான் முதல் தடவை. எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப்போனாள். மார்செல் வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். குழந்தையை அவர் வைத்திருந்தார், அவருடைய மேலங்கியை நான் வைத்திருந்தேன். நாங்கள் இருவரும் ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தோம். நிறையச் சனம். தாதி கதவைத் திறந்து, கையில் இருந்த தாளைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, செபமாலை என்று கூப்பிட்டாள். அது என் கணவரின் பெயர். இத்தனை வருடத்தில் நான் என் வாயால் பலர் முன்னால் கூப்பிட்டறியாத பெயர். நான் பழக்கத்தில் அவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பக்டரியில் வேலையில் இருந்தார்.

மார்செல் எழும்பினார். குழந்தையின் தலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, அந்தப் பெரிய உருவம் சனத்துக்கு நடுவால் நடந்தது. “செ நூ,” என்றார் தாதியிடம். நாங்கள்தான். அவருடைய பெயரை அந்த அறையில் எவரும் கூப்பிடப்போவதில்லை, என்னுடையதையும்தான். நான் அவருடைய மேலங்கியை மடியில் வைத்தபடி, எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.